நடுவில் நிற்பவள்

நடுவில் நிற்கிறாள். குணசீலன் கண்களை மூடியபடி, மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு, இன்னொரு முறை உறுதிப்படுத்திக்கொண்டார். ஆமாம், நடுவில்தான். பாக்கியத்தின் குரல் நெற்றிக்கு நேராக, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் நிற்கிறது. வலப்பக்கம் கொஞ்சம் பின்வாங்கி மிருதங்கம், இடப்பக்கம் தம்புரா, யாரும் யாருடைய இடத்தையும் பிடித்துக்கொள்ளவில்லை. எத்தனை மாதமாயிற்று இவளை இப்படிப் பார்த்து. பொங்கலுக்குப் பிறகு எப்போதோ அவள் நகர ஆரம்பித்தாள். முதலில் ஒரு இம்மி வலப்பக்கம், பஸ்ஸில் யாரோ இடித்ததால் ஒதுங்கிக்கொண்ட மாதிரி; சித்திரையில் இன்னும் கொஞ்சம்; ஆடி வந்தபோது மிருதங்கக்காரரின் மடியிலேயே உட்கார்ந்துவிடுவாள் போலிருந்தது. எந்த ஹெட்போனைப் போட்டாலும் வலம், வலம். ஒன்று ஹெட்போன்களில் கோளாறு இருக்க வேண்டும், அல்லது தன்னுடைய இடது காதில். இந்த இரண்டாவதை அவர் ஒருபோதும் கடைசிவரை நினைத்ததில்லை. ‘அல்லது’ என்று மனம் ஆரம்பித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். இன்றைக்கு இந்தக் கோயம்புத்தூர் ஹெட்போனுக்குள் அவள் திரும்பவும் நடுவுக்கு வந்து நிற்கிறாள் என்றால், காதில் ஒன்றும் இல்லை. அப்பாடா. குணசீலனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது வியர்வையோடு சேர்ந்து கன்னத்தில் இறங்கிக் காது மெத்தையின் ஓரத்தைத் தொடப் போக, புதுச் சரக்கு நனைகிறதே என்று சட்டென்று துடைத்துக்கொண்டார்.

வியர்க்காமல் என்ன செய்யும். பெரம்பூரில் மூன்றாவது மாடி, மொட்டைமாடிக்கு நேர் கீழே, புரட்டாசி வெயில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கூடத்தில் ஃபிரிட்ஜின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால்தான் அவருக்குச் சத்தம் சுத்தமாகக் கேட்கும். ஊருக்கே கரண்ட் கொடுக்கிற ஆபீஸில் வேலை, வீட்டில் மட்டும் எல்லாவற்றையும் அணைத்துப் போடுகிற மனுஷன் என்று தமயந்தி சொல்வாள். மின்வாரியத்தில் அவரை மூலை டேபிள் சார் என்பார்கள். பெயரே தெரியாதவர்களும் உண்டு, அது பரவாயில்லை, ஏனென்றால் ‘காதோரம்’ என்று அவர் நடத்துகிற யூடியூப் சேனலில் அவர் முகம் யாருக்கும் தெரியாது, கை மட்டும்தான் வரும், கையும் ஹெட்போனும், பிறகு அந்தக் குரல், நிதானமாக, உப்பு போதுமா என்று பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லும் குரல். அண்ணன் காது தங்கம் என்று எழுதுவான் ஒருவன். அண்ணே நீங்க சொன்னா கண்ண மூடிட்டு வாங்குவேன் என்பான் இன்னொருவன். ஆயிரம் ரூபாய்ச் சரக்கை வாங்குகிறவன் யாரையும் கேட்பதில்லை, லட்ச ரூபாய்ச் சரக்கை வாங்குகிறவனும் கேட்பதில்லை. பத்தாயிரத்துக்கும் இருபத்தைந்தாயிரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன்தான், சீட்டு எடுத்து, வீட்டில் சண்டை போட்டு, அண்ணே இதை வாங்கலாமா என்று வந்து நிற்பான். அவனுக்காகத்தான் இந்தக் காது. அவனுக்காக வைத்திருந்த காது என்று மனம் எங்கிருந்தோ திருத்திச் சொன்னது. எதற்கு இறந்தகாலம், இப்போதுதானே நடுவில் நிற்கிறாள், கேள்.

கேட்டார். மூன்று வரியும் ஒரு பெருமூச்சும் உள்ள பாட்டு. எந்த ஹெட்போன் வந்தாலும் முதலில் இதைத்தான் போடுவார். ஊரில் இருக்கிற மற்ற விமர்சகர்கள் எல்லாம் வெளிநாட்டு ஜாஸ் போட்டுப் பார்க்கும்போது இவர் மட்டும் ஆபீஸ் கேஷியரின் தங்கை பாக்கியம் பாடியதைப் போட்டுப் பார்ப்பார். வடபழனியில் நண்பன் ஒருவன் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் இவரே இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்தது. பாக்கியம் பெரிய பாடகியாகவில்லை, கல்யாணமாகி ராய்ப்பூர் போனாள், இப்போது பாடுகிறாளா என்றுகூடத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவள் எங்கே நின்றாள் என்பது இவருக்குத் தெரிந்த மாதிரி உலகத்தில் யாருக்கும் தெரியாது. தரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் பெருக்கல் குறி போட்டு, இரண்டு மைக்குக்கும் நடுவில் அளவு நாடா வைத்து அளந்து, இந்த இடத்தை விட்டு நகராதீங்கம்மா என்று சொன்னவரே இவர்தான். அவள் சிரித்தாள். நகரவே இல்லை. அதனால்தான் வருஷக்கணக்காக இவர் தைரியமாகச் சொல்ல முடிந்தது: இந்த ஹெட்போன் குரலை நடுவில் வைக்கிறது, இது வைக்கவில்லை. அவள் நகர்ந்தாள் என்றால் நகர்த்தியது எதுவோ அதுதான் குற்றவாளி. இந்த இடத்தில் வந்து மனம் ஒவ்வொரு முறையும் முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி நிற்கும். இந்த முறை பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

சரி, வேலையைப் பார்ப்போம், விமர்சனத்துக்கு வாக்கியம் வேண்டும். காது மெத்தை துணி வகை, தோல் இல்லை, நம்ம ஊர் வியர்வைக்கு இதுதான் சரி. தலைப்பட்டை உச்சியில் அழுத்தவில்லை. மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு, என்னைப் போன்றவர்களுக்கு, கண்ணாடிக் காம்பு பொட்டில் அழுந்தி ஒரு பாட்டுக்குள் தலைவலி வரும், இதில் வரவில்லை. பிடிமானம் கெட்டியும் இல்லை, தொளதொளப்பும் இல்லை. தலையில் இருப்பதே தெரியவில்லை. ஒரு பொருள் இருப்பதே தெரியாமல் இருப்பது அதன் நல்ல குணம் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம். காதும் அப்படித்தான், இருப்பது தெரியாது. போகும்போதுதான் தெரியும் போல. போன மாதம் ஆபீஸில் அசிஸ்டென்ட் இன்ஜினீயர் இடப்பக்கம் வந்து நின்று ஃபைலைக் கேட்டாராம், திரும்பக் கேட்டாராம், இவர் பாட்டுக்குக் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தாராம். எதிர் சீட் லீலாவதி, சார் இப்பல்லாம் பெரிய மனுஷங்க கூப்பிட்டாத் திரும்பறதில்ல என்று சொல்ல, எல்லோரும் சிரிக்க, இவரும் சிரித்தார். சிரித்துவிட்டு பாத்ரூமுக்குள் போய் விரலைச் சொடுக்கிப் பார்த்தார், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. கேட்டது. கேட்கத்தான் செய்தது. ஆனால் இடப்பக்கச் சொடுக்கு ஓரம் மழுங்கி, ஈர விரலைச் சொடுக்கியது போல் இருந்தது. விரல் ஈரம்தான், கை கழுவியிருந்தோமே. அப்புறம் அந்தச் சீறல். குக்கர் விசிலுக்கு முன்னால் வருமே, அந்த மாதிரி, இடப்பக்கம் மட்டும், எப்போதும். அது ஃபிரிட்ஜ் என்றுதான் நினைத்திருந்தார். ஃபிரிட்ஜை அணைத்த பிறகும் வந்தது. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜாக இருக்கலாம், பெரம்பூரில் ஃபிரிட்ஜுக்கா பஞ்சம். இப்போதுகூட இருக்கிறது, பாட்டுக்கு அடியில். இருக்கட்டும், அதற்கும் ஹெட்போனுக்கும் சம்பந்தமில்லை.

சோதனை ஒன்று இருக்கிறது. சேனலில் ஒவ்வொரு வீடியோவிலும் இவரே சொல்லிக்கொடுப்பது: குரல் ஒரு பக்கமாக இழுத்தால் பதறாதீங்க, ஹெட்போனைக் கழற்றி இடம் வலம் மாற்றிப் போடுங்க. குரல் அடுத்த பக்கத்துக்குத் தாவினால் கோளாறு ஹெட்போனில். மாற்றிப் போட்ட பிறகும் அதே பக்கத்திலேயே நின்றால் சாமிகளா, காது டாக்டரைப் பாருங்க. இந்தக் கடைசி வரியை ஒரு சிரிப்போடு சொல்வார், பார்க்கிறவர்களும் சிரிப்பார்கள். கழற்றி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கொட்டாவி விடுகிற நேரம். சித்திரையிலிருந்து அதை அவர் செய்யவில்லை. அதற்குப் பதிலாக எழுதினார்: இடப்பக்கம் சற்றே வலுக்குறைவு. ஜப்பான் கம்பெனி ஒன்றை அப்படி எழுதினார், ஜெர்மனியை எழுதினார், கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் வீட்டு மாடியில் இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு கையாலேயே ஹெட்போன் செய்கிற நந்தகோபாலையும் வைகாசியில் எழுதினார். ஜப்பான்காரனும் ஜெர்மன்காரனும் இதைப் படித்துத் தூக்கம் கெட்டிருக்க மாட்டார்கள். நந்தகோபால் மட்டும் போன் செய்தான், சரிங்ணா, பாக்கறனுங்ணா என்றான். ஆடியில் இன்னொரு ஜோடி அனுப்பினான். அதுவும் இடம் குறைவு என்றார். மறுபடியும், சரிங்ணா. உலகத்துக் கம்பெனியெல்லாம் சொல்லிவைத்த மாதிரி இடப்பக்கத்தை எப்படி மறக்கும் என்று ஒருநாள் பல் தேய்க்கும்போது தோன்றியது. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டார். இதோ மூன்றாவது ஜோடி. பையன் திருத்திவிட்டான். கெட்டிக்காரன். ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் வராதது சரவணம்பட்டிக்கு வந்திருக்கிறது என்று விமர்சனத்தில் எழுத வேண்டும், அந்த வரிக்கு நிச்சயம் கைதட்டல் விழும்.

இந்தச் சந்தோஷத்தில்தான் அவர் என்றும் செய்யாத காரியத்தைச் செய்தார். கதவைத் திறந்து, “தமயந்தி, இங்க வாயேன், ஒண்ணு கேளு” என்று கூப்பிட்டார். தமயந்தி மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவோடு வந்தாள். “ஃபிரிட்ஜப் போடறதுக்கா கூப்பிட்டீங்க? பால் திரிஞ்சா நீங்கதான் குடிக்கணும், சொல்லிட்டேன்” என்றாள். “அதெல்லாம் இல்ல, உக்காரு” என்று தன் நாற்காலியில் உட்காரவைத்து, கொண்டையைத் தள்ளி, தானே மாட்டிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவள் தலையில் ஒரு ஹெட்போனை வைத்துப் பார்க்க ஏன் தோன்றவே இல்லை என்று ஒரு சங்கடம் வந்து போனது. ‘R’ என்கிற எழுத்து வலப்பக்கம், சரியாகத்தான் மாட்டியிருக்கிறோம். பாட்டைப் போட்டார். அவள் முகம் மெல்ல இளகியது. “அட, கிட்டக்க இருக்கே. யாரு, உங்க கேஷியர் தங்கச்சியா? நல்ல குரலுங்க, பாவம்” என்று, காது மூடியிருப்பவர்கள் பேசுகிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். “எங்க நிக்கிறாங்க, சொல்லு” என்று வாயசைத்துக் கேட்டார். தமயந்தி கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு சிவப்புப் பேனாவால் இடது தோளுக்கு மேலே காட்டினாள். “இந்தப் பக்கம். அந்தத் தம்புராக்காரங்க மேல சாஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க.”

நல்லாக் கேளு என்றார். நல்லாத்தாங்க கேட்டேன் என்றாள். ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, காது வலிக்கல, சூடுதான்” என்று விடைத்தாளுக்குப் போய்விட்டாள். கழுத்தெல்லாம் வியர்க்க, ஹெட்போனைக் கையில் பிடித்தபடி குணசீலன் நின்றார். அவளுக்கு என்ன தெரியும். கணக்கு டீச்சர். வருஷக்கணக்காக வகுப்பில் கத்திக் கத்தி அவளுக்குத்தான் காது போயிருக்கும், வலது காது. ஆமாம், அவளுக்கு வலது காது போயிருந்தால் இப்படித்தான் கேட்கும், பாவம், அவளை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். இதை நினைத்த அடுத்த நொடி அவருக்கு அவமானமாக இருந்தது. தன் காதைக் காப்பாற்ற அவள் காதைக் கொடுத்துவிடப் பார்த்தோமே. சரி, கொண்டை தடுத்திருக்கலாம், கொண்டை இருந்தால் மெத்தை ஒரு பக்கம் சரியாகப் படியாது, அதுதான், கொண்டைதான். கொண்டை பின்னால் அல்லவா இருக்கிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டார். மெத்தையில் அவள் தலையின் சூடும் தேங்காயெண்ணெய் வாசனையும் இருந்தன. மாற்றிப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்றால், மாற்றிப் போட்டாலும் பாக்கியம் அசைய மாட்டாள். மிருதங்கமும் தம்புராவும் இடம் மாறிக்கொள்ளும், அது பரவாயில்லை. அவள் அசையக் கூடாது, அவ்வளவுதான். போடாமலும் இருக்கலாம். போடாமல் இருந்தால் இந்த மத்தியானம் முழுக்க அவள் நடுவிலேயே நிற்பாள், நாளைக்கும் நிற்பாள், விமர்சனம் வரும், கைதட்டல் வரும். ஆனால் சீட்டு எடுத்து வாங்குகிறவன் ஒருவன் இருக்கிறானே, அண்ணன் காது தங்கம் என்று எழுதுகிறவன். அவன் பாட்டைப் போட்டுவிட்டு, இதென்ன ஒரு பக்கமாக இழுக்கிறது, சரி, அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நம்ம காதில்தான் ஏதோ, என்று தன்னையே சந்தேகப்படுவான். அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. மாற்றி மாட்டினார். கண்ணை மூடிப் பாட்டைப் போட்டார். பாக்கியம் ஓடிவிட்டாள். வலப்பக்கம், வலப்பக்கத்தின் கடைசி மூலைக்கு, மாட்டிக்கொண்டவள் சுவரோடு ஒண்டி நிற்பது போல் போய் நின்றுகொண்டு பாடினாள். இடப்பக்கம் முழுக்கக் காலி. ஆட்களை அனுப்பிவிட்டு விளக்கணைத்த கல்யாண மண்டபம் மாதிரி அந்தப் பக்கம் கிடந்தது. பெருமூச்சு வரும் இடம் வந்தது, போனது. கழற்றி, சரியாக மாட்டினார். அவள் நடுவுக்கு வந்தாள். மறுபடி மாற்றினார், ஓடினாள். எத்தனை தரம் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது, கை பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது.

நந்தகோபாலைக் கூப்பிட்டார். “சொல்லுங்ணா, வந்துருச்சுங்களா? எப்பிடி இருக்குதுங்?” என்று அவன் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தான். “நல்லா இருக்குப்பா. இடப்பக்கச் சத்தத்த எவ்வளவு ஏத்தி வச்சிருக்க?” அந்தப் பக்கம் பின்னால் எங்கோ துளைபோடும் மெஷின் ஓடி நின்றது. “அண்ணா...” “திட்ட மாட்டேன், சொல்லு.” “மொத ஜோடிய சத்தம் அளக்கற மெசின்ல போட்டுப் பாத்துத்தானுங் அனுப்புனேன். ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. நீங்க இடம் கம்மின்னீங்க. உங்க காதுக்கு முன்னாடி என்ற மெசின் என்னத்துக்காகும்னு, மெசினத்தான் சர்வீசுக்குக் குடுத்தேன். அவங்க மெசின்ல ஒண்ணுமில்லீன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க.” குணசீலனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை மாதிரியான சிரிப்பு. மெஷினை டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறான். “அப்புறம்?” “ரெண்டாவது ஜோடி இடத்த ஏத்தித்தானுங் அனுப்புனேன். வேணும்னேதான். அதக் கேட்டுட்டும் நீங்க இடம் கம்மின்னீங்க.” குணசீலன் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது ஏற்றி வந்ததா? ஏற்றி வந்ததையா குறைவு என்றேன்? அப்படியென்றால் பொங்கலில் போனது போய் நிற்கவில்லை, போய்க்கொண்டே இருக்கிறது, வைகாசிக்கு இருந்தது ஆடியில் இல்லை, ஆடிக்கு இருந்தது இப்போது இல்லை. “இது?” என்று கேட்டார். “இது அதுக்கும் மேலங்ணா. இது கடைக்கு வர்ற ஜோடி இல்லீங், இதப் பத்தி எழுதிப்போடாதீங்க. உங்களுக்குன்னு செஞ்சது. எப்பிடிச் சொல்றதுன்னு தெரியலீங்ணா. நீங்க ஒருதடவ நிம்மதியாப் பாட்டுக் கேக்கோணும்னு தோணுச்சு, செஞ்சுட்டேன். தப்புன்னா மன்னிச்சுக்கோங்க.” தப்பு என்று எப்படிச் சொல்வது. பெற்ற பிள்ளை செய்ய மாட்டான் இப்படி. ஆனால் இவ்வளவு பிரியமாக ஒருவன் சொல்லாமல் சொல்லும்போது மறுத்துப் பேச ஒரு சொல்லும் மிச்சமில்லாமல் போகிறது. ஆபீஸ்காரர்கள் சிரித்தபோது கோபப்பட்டுக்கொள்ளலாம், விரல் ஈரம் என்று சொல்லிக்கொள்ளலாம். “இன்னும் எவ்வளவு தூரம் ஏத்த முடியும் நந்து?” என்று கேட்டார். அந்தக் கேள்வி தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. நந்தகோபால் வேலைக்காரன், வேலையைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்லத் தெரியாதவன். “ஒரு அளவு வரைக்கும் ஏத்தலாமுங்ணா. அதுக்கு மேல போனா உள்ளுக்குள்ள இருக்கற சவ்வு தாங்காது, கிழிஞ்சுரும்” என்றான். சொன்ன பிறகுதான் பையனுக்கு உறைத்தது போல, “அதுக்கெல்லாம் ரொம்ப நாள் இருக்குதுங்ணா, நீங்க அதெல்லாம் யோசிக்காதீங்” என்று அவசர அவசரமாகச் சேர்த்தான். சரிப்பா, வச்சிடறேன் என்றார்.

தமயந்தி வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. “என்னங்க ஆச்சு, யாரு போன்ல, ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?” என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஒன்றுமில்லை, ஹெட்போன்ல சின்னக் கோளாறு. அந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, மாதக்கணக்காகப் பழகிய வாக்கியம். அது வரவில்லை. “எனக்குக் காது போயிட்டிருக்கு தமயந்தி” என்றார். குழந்தை மாதிரி அழுதார், வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக. அவள் சிவப்புப் பேனாவை மேஜையில் போட்டுவிட்டு வந்து, அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். எந்தக் காது என்று அவள் கேட்கவில்லை, கேட்கத் தோன்றியிருக்காது. வியர்வையைப் பொருட்படுத்தாமல் அவர் முடியைக் கோதினாள். பிறகு குனிந்து, அவருடைய இடது காதில் வாய் வைத்து, தழுதழுத்த ரகசியக் குரலில் ஏதோ சொன்னாள், நீளமாக, நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கி மறுபடி சொன்னாள். சூடான மூச்சு மட்டும் வந்து பட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி அவள் பேசியதே இல்லை, என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிடலாமா என்று பார்த்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, சரி என்று தலையாட்டினார்.